ஏற்கெனவே மூடியிருக்கிறது

பிப்ரவரி 9

என் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மழை வரப்போவதை முன்கூட்டியே சொல்லி மிரட்டிக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வண்டி கீறல் இல்லாமல் வந்து சேர்ந்ததா?

இதைப் போனில் கேட்டால் ஆகாதா என்பாய். நான் போனை எடுத்து "பாப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிவிடுகிறாள். பேசி மிச்சம் இருந்தால் என்னிடம் கொடுக்கிறாள். உன் பக்கத்திலும் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது, நடுநடுவே மாப்பிள்ளை சிரிப்பது கேட்கிறது. அத்தனை பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. ஆகவே எட்டாவதோடு நின்றவன் கையெழுத்தை நீ சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உன் ஊரில் வண்டி கிடைக்க நாளாகும் என்று இங்கே பதிவு செய்தாயே, அது நல்லதாகப் போயிற்று. வண்டி எடுக்க வந்த மாப்பிள்ளையோடு கூடப் போய் எனக்கும் ஒருநாள் பெரிய மனுஷன் வேஷம் கிடைத்தது. ஷோரூமில் முன்பக்கம் பானட்டைத் திறந்து காட்டினார்கள். உள்ளே எஞ்சினைக் காணோம். காலிப் பெட்டி. எலக்ட்ரிக் வண்டியில் அப்படித்தானாம், சாமான் வைத்துக்கொள்ளலாமாம். டிக்கி என்றால் பின்னால்தான் இருக்கும் என்று நம்பியே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன். அந்தப் பெட்டிக்கு ஷோரூம் பெண் ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னாள். என் வாயில் நுழையவில்லை. முன்டிக்கி என்று நானே வைத்துக்கொண்டேன்.

சரி, இருக்கட்டும். அந்த முன்டிக்கி மூடிக்கு ஒரு மோட்டார் வைத்திருக்கிறார்களே, அது எதற்கு? பட்டனை அமுக்கினால் தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது. வாயால் சொன்னாலும் கேட்கிறது. இதைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. தானாகத் திறந்து மூடுகிற லிப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் நான். கதவுக்கு நான் தேவையில்லை என்பது அந்த ஏழு மாடியிலும் எல்லாருக்கும் தெரியும், கதவுக்கும் தெரியும். இருந்தாலும் கை நன்றாக இருக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் அதிகப்படி இல்லையா?

இன்னொரு கூத்து. மாப்பிள்ளை கையெழுத்துப் போட உள்ளே போயிருந்தார். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "பேர் சொல்லுங்க சார்" என்றாள். வண்டி யார் பேருக்கு என்று கேட்கிறாள் என நினைத்து, அவசரத்தில் உன் நல்ல பெயர் வாயில் வராமல் "பாப்பா" என்றேன். அவளும் அடித்துவிட்டாள். அப்புறம்தான் தெரிந்தது, அது வண்டியைக் கூப்பிடுகிற பெயராம். முதலில் பெயர், பிறகு கட்டளை. "பாப்பா, திற" என்றால் முன்டிக்கி திறக்கிறது. போன் நம்பர் கேட்டபோதும் பதற்றத்தில் என் நம்பரையே சொல்லித் தொலைத்தேன். வண்டி அனுப்பும் செய்தி எல்லாம் இனி எனக்குத்தான் வருமாம்.

நாம் பேசினால் வண்டி திருப்பிப் பேசும் என்றும் சொன்னாள். அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். "அதை அணைச்சிடுங்க. வீட்ல ஒருத்தி திருப்பிப் பேசுறதே போதும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

பதில் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அப்பா


பிப்ரவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்காலுக்கு நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யாமலே அதைக் குறை சொல்கிறீர்கள் என்று இங்கிருந்தே தெரிகிறது. அம்மாவின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

வண்டி அழகாக இருக்கிறது. அதற்கு என் பெயரை வைத்துவிட்டு வந்த ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். நான் ஒரு நாளும் வாயால் சொல்லித் திறப்பதில்லை. நடுரோட்டில் நின்றுகொண்டு என்னையே நான் பெயர் சொல்லிக் கூப்பிட வெட்கமாக இருக்கிறது. சாவியில் இருக்கிற பட்டன் போதும்.

ஆனால் மோட்டார் அதிகப்படி இல்லை அப்பா. நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறீர்கள். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிசியோதெரபி செய்ய அவர்கள் வீட்டுக்கு நான் போகும்போது ஒரு கையில் மடக்குப் பலகை, இன்னொரு கையில் எடைக்கட்டிகள், தோளில் பெல்ட் பை. மோட்டார் இல்லாத வண்டியில் அந்த மூடியை இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மாட்டும். சாமானையெல்லாம் தரையில் வைத்து, மூடி, மறுபடி தூக்க வேண்டும். ஒருநாள் முழுக்க மற்றவர்கள் முதுகுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு என் முதுகை நான் கெடுத்துக்கொள்வதா?

இவருக்கு அது பிடிக்கவில்லை. 'சோம்பேறிப் பெட்டி' என்கிறார். காலையில் இவர் ஆபீஸ் வரை இவர்தான் ஓட்டுவார். பெண்டாட்டி ஓட்ட, இன்சூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் நன்றாக இருக்காதாம். பகலில் வண்டி என்னிடம். சாயங்காலம் இவரை ஏற்றிக்கொண்டால் மறுபடி ஸ்டியரிங் இவர் கையில்.

அம்மாவுக்கு என் அன்பு. இந்தக் கடிதத்தையும் பிடுங்கிப் படிப்பார் என்று தெரியும்.

உங்கள்
பாப்பா


மார்ச் 12

என் பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மா பிடுங்கிப் படித்துவிட்டு, என் எழுத்தைவிட உன் எழுத்து நன்றாக இருப்பதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். உனக்கு முதுகு வலி ஏதும் இல்லையே?

மோட்டார் விஷயத்தில் பாதி தோற்றேன். இரண்டு கையிலும் சாமான் என்று நீ எழுதியதை நான் யோசித்திருக்கவில்லை. மீதிப் பாதிக்கு இன்னும் சண்டை போடுவேன்.

இப்போது ஒரு சந்தேகம். வண்டி கொடுத்த நாளிலிருந்து என் போனுக்குச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. பகலில் வருவது எனக்குப் புரிகிறது. திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. நீ வேலை பார்க்கிறாய் என்று லிப்டுக்குள் உட்கார்ந்து சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன். மூன்றாவது மாடி வக்கீலிடம்கூடப் பெருமையாகக் காட்டினேன். ஆனால் காலையிலும் சாயங்காலமும் வேறு மாதிரி வருகிறது. பெட்டி மூடித்தான் இருக்கிறது. அதை மறுபடி மூடச் சொல்லி யாரோ கேட்கிறார்கள். சில நாள் ஒரே பயணத்தில் நாலைந்து தடவை.

கட்டடத்து வாட்ச்மேன் திருட்டுப் பயல்கள் வேலை என்கிறான். திருடன் திறக்கத்தானே பார்ப்பான், மூட ஏன் பார்க்கிறான் என்றேன். அப்போதும் திருடன்தான் என்கிறான். ஷோரூம்காரர்கள் பழைய வண்டியைப் புதிது மாதிரி துடைத்துக் கொடுத்துவிட்டார்களோ என்பது என் சந்தேகம். நீதான் பயத்தில் மூடிய பெட்டியை மறுபடி மறுபடி மூடுகிறாயோ என்பது உன் அம்மா சந்தேகம். எது சரி?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
அப்பா


மார்ச் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கும் நலம்தானே. பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

வண்டியில் ஏதோ கோளாறாக இருக்கும். யாரும் தொடுவதில்லை. நீங்கள் இதற்காக ஷோரூம் பக்கம் போய் அலைய வேண்டாம்.

செய்தியில் என்ன வார்த்தை வருகிறது என்று மட்டும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.

உங்கள்
பாப்பா


ஏப்ரல் 10

என் பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் தபால்காரருக்கே பாவமாக இருந்திருக்கும், அத்தனை சின்னது. உடம்பு சரியில்லையா?

நீ கேட்டபடி அப்படியே எழுதுகிறேன்: "குரல் கட்டளை: மூடு. முன்பெட்டி ஏற்கெனவே மூடியிருக்கிறது." எல்லாம் இதே. ஒன்றுகூட மாறவில்லை.

குரல் என்று போட்டிருப்பதால் யாரோ வாயால் சொல்லியிருக்க வேண்டும். நீ சொல்வதில்லை என்கிறாய். உன் அம்மா இல்லாத நேரம் பார்த்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "அது பொம்மை மாமா, அதைப் போய்ப் பெரிசா எடுத்துக்கிட்டு" என்று சிரித்தார். எவ்வளவு தன்மையான மனுஷன், நான் கேட்டது முட்டாள்தனமாக இருந்தாலும் முகம் கோணாமல் பேசுகிறார்.

லிப்டில் எனக்கு யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது, அதுதான் தொல்லை. நீ வண்டியைத் தனியாக ஓட்டுகிற பகல் நேரத்தில் இந்தச் செய்தி ஒன்றுகூட வருவதில்லை. போன மாதம் மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்த வாரம் முழுக்க வரவே இல்லை. அவர் திரும்பி வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. வண்டிக்கு அவரைக் கண்டால்தான் கோளாறு வருகிறது போல. இதை அவரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று பார்த்தேன். ஏனோ சொல்லவில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்
அப்பா


மே 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன்.

வண்டியில் உங்கள் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். சீக்கிரம் செய்தால் நல்லது. காரணம் ஒன்றும் இல்லை, வண்டி என்னுடையதுதானே.

இனி கடிதங்களைக் கிளினிக் முகவரிக்கு எழுதுங்கள். உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவை பிரித்தபடி கைக்கு வருகின்றன.

அம்மாவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
பாப்பா


மே 15

என் பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீ நன்றாக இருப்பதாக உன் அம்மாவிடம் சொன்னேன். "எழுத்துலயா, நிஜமாவா?" என்று கேட்டாள். எழுத்தில் என்றேன்.

நம்பரை மாற்றவில்லை. கோபித்துக்கொள்ளாதே. மாற்றத்தான் ஷோரூமுக்குப் போனேன். முதலில் எனக்கு உன் மேல்தான் சந்தேகம். வண்டியை விற்கப் பார்க்கிறாயா, கடனா, வேறு ஏதாவது மறைக்கிறாயா என்று பஸ்ஸில் ஏகப்பட்ட கற்பனை. பெற்றவனுக்குப் பிள்ளை ஒன்றை ஒளிக்கிறது என்று தெரிந்துவிட்டால் மூளை கண்ட இடத்தில் மேயும்.

ஷோரூமில் மெக்கானிக் ஒருவர் இருந்தார், சாதுவான மனிதர். செய்தியைக் காட்டினேன். கோளாறே இல்லை என்றார். வண்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரோ மூடச் சொல்கிறார்கள், அது கேட்கிறது, பெட்டி மூடியிருப்பதால் செய்ய ஒன்றும் இல்லாமல் செய்தி அனுப்புகிறது, அவ்வளவுதான். பேச்சை அணைத்து வைத்திருப்பதால் உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அங்கே நின்ற ஒரு வண்டிக்கு உன் பெயரை வைத்துக்காட்டினார். முன்டிக்கியைத் திறந்து வைத்துவிட்டு என்னைப் பேசச் சொன்னார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "பாப்பா, அந்த வாசக் கதவைக் கொஞ்சம் மூடு" என்றேன். வாசல் கதவு அப்படியே இருந்தது. முன்டிக்கி மெதுவாக இறங்கி மூடிக்கொண்டது.

அவர் சிரித்துவிட்டார். "அதுக்குப் பேரும் அந்த ஒரு வார்த்தையும்தான் சார் தெரியும். நடுவுல நீங்க என்ன சொன்னாலும் கண்டுக்காது. யாரைச் சொல்றீங்கன்னும் அதுக்குத் தெரியாது" என்றார்.

நடுவில் என்ன வார்த்தை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். இறங்க வேண்டிய இடம் போனது தெரியவில்லை. கண்டக்டர் வந்து கடைசி ஸ்டாப் என்று எழுப்பினார். நான் தூங்கவில்லை.

என் வேலையில் ஒன்று கண்டிருக்கிறேன் பாப்பா. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் லிப்டுக்குள் வருவார்கள். கதவு மூடினதும் ஒருவர் குரல் தாழ்ந்து ஏதோ சொல்லும். என்னை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை, பட்டனோடு ஒரு பட்டன் நான். கதவு திறந்ததும் மற்றவர் முகத்தில் சிரிப்பு ஒன்று வந்துவிடும், வெளியில் நிற்கிறவர்களுக்காக. ஸ்பீக்கரில் நீ சிரிக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவு திறக்கிற சத்தம் சேர்ந்து கேட்கிறது.

கிழவனுக்குச் சந்தேக புத்தி என்று திட்டி எழுது. சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்
அப்பா


ஜூன் 1

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அத்தையும் பூரண நலத்துடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு யாவரும் நலம்.

வண்டியின் அறிவிப்புகள் இன்னமும் தங்கள் கைபேசிக்கு வருவதாக அறிகிறேன். தங்களுக்கு வீண் தொந்தரவு. அவற்றை என் எண்ணுக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பாப்பாவின் எண்ணுக்கு வேண்டாம். பாப்பாவுக்கு இதையெல்லாம் கவனிக்கப் பொறுமை கிடையாது.

தாங்கள் இப்போதெல்லாம் கிளினிக்குக்குக் கடிதம் எழுதுவதாகவும் தெரிகிறது. வேலை நேரத்தில் வீட்டு விஷயங்கள் அவள் மனத்தைக் கலைக்கும். வீட்டு முகவரிக்கே எழுதலாமே, நானும் படித்து மகிழ்வேன். பாப்பா எதையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்லும் சுபாவம். வாயும் சற்று நீளம். தங்கள் செல்லம், தங்களுக்குத் தெரியாததா?

அத்தைக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு
தங்கள் அன்புள்ள மருமகன்


ஜூன் 5

அன்பு மகளுக்கு,

உன் அம்மாவும் நானும் இருக்கிறோம். மே மாதக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. கிடைத்ததா என்றும் தெரியவில்லை.

மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தது. அருமையான தமிழ், ஒரு பிழை கிடையாது. நான் அதை மூன்று தடவை படித்தேன். உன்னை என்ன பெயர் சொல்லி எழுதியிருக்கிறார் என்பதைப் படித்தேன். எனக்கு வேறு ஒன்றும் படிக்கத் தேவைப்படவில்லை.

நம்பர் மாற்ற வேண்டுமானால் வண்டிக்கு உரியவளே இங்கே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், ஷோரூம் சட்டம் என்று அவருக்குப் பதில் போட்டேன். அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை. நான் போட்டது.

நேற்று சாயங்காலம் செய்தி ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. போன் மேஜையில் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கே போய்விட்டது. உன் அம்மா யார் என்று கேட்டாள். யாரோ லாட்டரிக்காரன் என்றேன். நம்பின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

நான் எதையும் கேட்கப்போவதில்லை. வரட்டுமா வேண்டாமா என்று ஒரு வரி எழுது. ஒரு வார்த்தை போதும்.

அப்பா


ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். இதைக் கிளினிக்கில் கடைசி நோயாளி போனபிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடிதத்தைப் பிரித்ததும் 'அன்பு மகளுக்கு' என்று பார்த்தேன். உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

நான் மறைத்தது அதனால்தான் அப்பா. கல்யாணமான புதிதில் அம்மா கூப்பிடுவதைக் கேட்டு அவரும் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆசையாக இருந்தது, பாதி வீட்டைக் கூடவே கொண்டுவந்த மாதிரி. அப்புறம் அதே பெயரோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது. "பாப்பா, வாயை மூடு." அவர் கத்துவதில்லை. ரேடியோ சத்தத்தைக் குறைக்கிற மாதிரி சொல்வார், கண் ரோட்டிலேயே இருக்கும். நோயாளி ஒருவர் எழுந்து நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாலும் அதுதான். வழி தப்பிவிட்டது என்று சொன்னாலும் அதுதான். அடிப்பதில்லை, குடிப்பதில்லை. அதனால் இதற்கு என்ன பெயர் சொல்லி யாரிடம் முறையிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஆசையாகக் கூப்பிட்ட பெயரை வைத்துத்தான் என் வாயை அடைக்கிறார் என்று உங்களுக்குத் தெரியவே கூடாது என்று இருந்தேன்.

ஏப்ரலில் நீங்கள் செய்தியை அப்படியே எழுதி அனுப்பினீர்களே, அன்று வண்டியை ஒரு மரத்தடியில் நிறுத்தி அழுதேன். சிரிப்பும் வந்தது. இவ்வளவு நாளில் எனக்கு ஒரே ஒரு சாட்சி கிடைத்தது, அதுவும் ஒரு டிக்கி. பயத்தில்தான் நம்பரை மாற்றச் சொன்னேன். நீங்கள் மாற்றாதது நல்லது.

ஜூன் நாலாம் தேதி சாயங்காலம் வண்டியில் வரும்போது, கிளினிக்கில் புதுக் கிளையை என்னையே நடத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லப் போனேன். மூடு என்றார். நான் நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தவில்லை. கடைசியில் நான் சொன்னேன், "நீங்க பாப்பான்னு கூப்பிட்டு மூடுன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் எங்க அப்பாவுக்குப் போகுது."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியே முன்பெட்டி மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வண்டிக்குள் அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. உங்களுக்கும் செய்தி வந்திருக்காது. எல்லாவற்றையும் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிறார். வீட்டுக்குள் உங்களுக்குக் கேட்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

அதனால் வாங்க அப்பா. சண்டை போட வேண்டாம். அவரிடம் நான் பேச வேண்டியதை நானே பேசுகிறேன், முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அதற்குப் பிறகு இருப்பதா கிளம்புவதா என்று நான் சொல்கிறேன்.

அப்புறம், அந்தப் பெயரை நீங்கள் நிறுத்திவிடாதீர்கள். அது முதலில் நம்முடையது.

உங்கள்
பாப்பா


ஜூன் 18

என் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும் என்று தபால் ஆபீசில் அடித்துச் சொன்னார்கள். நீ நிலையத்துக்கு வர வேண்டாம், நேராகக் கிளினிக்குக்கு வருகிறேன். அங்கிருந்து சேர்ந்து போகலாம்.

ஜூன் நாலுக்குப் பிறகு செய்தி நின்றுபோனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் வயிறாரச் சாப்பிட்டேன். உன் அப்பா எப்பேர்ப்பட்ட அறிவாளி என்று இதை வைத்துத் தெரிந்துகொள். வீட்டில் ஒருத்தி திருப்பிப் பேசுவதே போதும் என்று மாப்பிள்ளை சொன்னதற்கு ஷோரூமில் நான் சிரித்ததையும் நினைத்துக்கொண்டேன்.

கட்டட மேனேஜர் கேட்டதும் லீவு கொடுத்துவிட்டார். நான் இல்லாவிட்டாலும் கதவு திறந்து மூடும் என்று அவருக்குத் தெரியும். எத்தனை நாள் என்றார். தெரியாது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நான் அங்கே வந்து ஒன்றும் பேச மாட்டேன். பேசினால் உளறிவிடுவேன், மாப்பிள்ளை தமிழுக்கு முன்னால் என் தமிழ் நிற்காது. நாற்காலி போட்டு உட்கார்வேன். ஒரு இடத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. நீ முடிக்கிறவரை எழுந்திருக்க மாட்டேன், யார் சொன்னாலும்.

உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. முன்டிக்கி மோட்டாரில் ஏதோ கோளாறு, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். மோட்டாருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். பரண் மேலிருந்து இரண்டு பை இறக்கினாள். சின்னதில் என் சட்டை, வேட்டி, முழங்கால் தைலம் எல்லாம் வைத்தாள். பெரிய பையை உள்ளும் புறமும் ஈரத்துணியால் துடைத்தாள். அதில் ஒன்றுமே வைக்காமல் ஜிப்பை இழுத்து மூடி, சின்னப் பைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

காலிப் பையை நான் எதற்குச் சுமக்க வேண்டும் என்று கேட்டேன். உன் அம்மா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள், "வர்றதும் இருக்கிறதும் அவ இஷ்டம். துணி வைக்கப் பை இல்லைன்னு அவ யோசிச்சு நிக்கக் கூடாது."

இரண்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்
அப்பா